அறாத வழி: அலெகேனி நெடும்பாதையும் அதன் ஊர்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பொதுநலப் பணிகளைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓர் அவை கூடிச் சிந்திக்க வேண்டும் என்ற விருப்பத்தில் பிறந்தது இந்த அறக்கட்டளை. பொதுநலப் பணி என்றதும் பள்ளிக்கூடம், மருத்துவமனை, குளம், சத்திரம் ஆகியவை நம் நினைவுக்கு வரும். இவை எல்லாம் ஓர் ஊருக்குள் அடங்குபவை. பல ஊர்கள் சேர்ந்தாலன்றி உருவாகவே முடியாத ஒரு பொதுநலப் பணியைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டேன். அது ஒரு பாதை. காரும் லாரியும் நுழையாத பாதை. நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு, அங்கிருந்து அதற்கடுத்த ஊருக்கு என்று நாட்கணக்கில் போகக்கூடிய பாதை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில் தொடங்கி, மேரிலாந்து மாநிலத்துக் கம்பர்லாந்து வரை சுமார் 240 கிலோமீட்டர் செல்கிறது கிரேட் அலெகேனி பாசேஜ் என்ற நெடும்பாதை. கம்பர்லாந்தில் அது இன்னொரு பழைய பாதையோடு சேர்கிறது. செசபீக் – ஒஹையோ கால்வாயின் கரையில் மேலும் 297 கிலோமீட்டர் போனால் தலைநகர் வாஷிங்டன் வந்துவிடும். ஆக, ஒரு பெரும் தொழில்நகரிலிருந்து நாட்டின் தலைநகர் வரை மோட்டார் வாகனத்துக்கு அஞ்சாமல் போய்வர ஏறத்தாழ 540 கிலோமீட்டர் வழி இருக்கிறது. இந்த வழி எப்படி உண்டாயிற்று என்று பார்த்தால், பாதை வலை ஒன்றை அமைக்க விரும்பும் எந்த வட்டாரத்துக்கும் வேண்டிய பாடம் அதில் கிடைக்கும். அந்தப் பாடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்களை இணைக்கும் பாதைக்கு உயிர் அதன் தொடர்ச்சி. அந்தத் தொடர்ச்சியைக் காப்பது ஊர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. கல்லும் மண்ணும் பாலமும் அதற்குப் பிறகுதான்.

1. கரியும் எஃகும் ஓடிய வழி

மேற்குப் பென்சில்வேனியா நிலக்கரி நாடு. கானல்ஸ்வில் என்ற ஊரைச் சுற்றி வரிசை வரிசையாகக் கற்கரிச் சூளைகள் எரிந்தன. அங்கே சுட்டெடுத்த கற்கரி பிட்ஸ்பர்க்கின் ஊதுலைகளுக்குப் போனது. அங்கே எஃகு ஆனது. யாக்கிகேனி ஆற்றின் கரையிலும் மொனாங்கஹீலா ஆற்றின் கரையிலும் தண்டவாளங்கள் நிறைந்தன. ஒரே பள்ளத்தாக்கில் ஆற்றின் இக்கரையில் ஒரு கம்பெனியின் ரயில், அக்கரையில் போட்டிக் கம்பெனியின் ரயில் என்று ஓடிய காலம் அது. வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912இல் கம்பர்லாந்திலிருந்து கானல்ஸ்வில் வரை தன் பாதையை நீட்டியபோது, பால்டிமோர் – ஒஹையோ ரயில்வே அதே பள்ளத்தாக்கில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு கம்பெனிகளும் பிற்காலத்தில் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரே பள்ளத்தாக்கில் எதற்கு இரண்டு பாதை என்ற கேள்வி எழுந்தது. 1975இல் வெஸ்டர்ன் மேரிலாந்தின் பாதை கைவிடப்பட்டது. எதிர்க்கரைப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது. கைவிடப்பட்ட பாதையில் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். பாலங்களும் மலைக்குடைவுகளும் கேட்பாரற்று நின்றன.

அடுத்த பத்து ஆண்டுகளில் எஃகுத் தொழிலே சரிந்தது. ஹோம்ஸ்டெட் என்ற ஆலை நகரின் பெயரைத் தொழிலாளர் இயக்க வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 1892இல் கார்னகியின் எஃகுக் கம்பெனி தொழிலாளரை வெளியேற்றி ஆலையை மூடியது. பிங்கர்ட்டன் நிறுவனத்தின் ஆயுதம் தாங்கிய ஆட்களைப் படகுகளில் ஏற்றி ஆற்றுவழியே கொண்டுவந்தது. கரையில் நின்ற தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அந்த ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் நிரந்தரமாக மூடப்பட்டது. 1950இல் பிட்ஸ்பர்க்கின் மக்கள்தொகை 6,76,806. 2010இல் அது 3,05,704. ஒரு நகரம் தன் மக்களில் பாதிக்கு மேல் இழந்தது என்றால், அதைச் சுற்றியிருந்த சிற்றூர்களின் கதியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். வேலை போனது, பிள்ளைகள் வெளியூர் போனார்கள், கடைத்தெருக்கள் பூட்டின.

பிழைப்புக்கு வழியில்லாத ஊர்கள் உல்லாச நடைக்கு ஒரு பாதையைப் பற்றி யோசித்தன என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் அவர்களிடம் எஞ்சியிருந்த பெரிய சொத்து அதுதான். மலையைக் குடைந்து, பள்ளத்தை நிரப்பி, ஆறுகளைத் தாண்டி, அறாத ஒரு நிலப்பட்டை அவர்கள் ஊர்களினூடே கிடந்தது. இன்றைக்கு அப்படி ஒன்றைப் புதிதாக நிலம் எடுத்துப் போட எந்த அரசிடமும் பணம் இருக்காது.

அந்த நிலப்பட்டைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சரக்கு ரயிலால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற முடியாது. ஆகவே ரயில் பொறியாளர்கள் மலையை வளைத்து வளைத்துச் சரிவைக் குறைத்தார்கள். அலெகேனி மலைத்தொடரில் கிழக்கே பாயும் நீருக்கும் மேற்கே பாயும் நீருக்கும் எல்லையான முகடு 729 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பர்லாந்திலிருந்து அந்த முகடுவரை சுமார் 38 கிலோமீட்டர். அந்த ஏற்றமும் நூற்றுக்கு இரண்டு பங்குக்குக் குறைவு. முகட்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை 200 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரியாத இறக்கம். கனமான கரி வண்டிகளுக்காக அமைத்த சரிவு, எழுபது வயதுப் பாட்டிக்கும் ஏழு வயதுப் பேரனுக்கும் மலைநாட்டைத் திறந்துவிட்டது. உடல்வலு மிக்க சிலருக்கே மலை என்ற நிலையை மாற்றியதுதான் ரயில் நிலத்துப் பாதைகள் செய்த பெரிய தொண்டு.

2. முதல் வேலை: நிலம் சிதறாமல் காப்பது

அமெரிக்காவின் ரயில் பாதைகள் 1916இல் உச்சத்தை எட்டின. அன்று அவற்றின் மொத்த நீளம் 2,54,000 மைல், அதாவது நாலு லட்சம் கிலோமீட்டருக்கு மேல். பின்னர் லாரியும் காரும் பெருகப் பெருக, அதில் ஏறத்தாழப் பாதி மறைந்துவிட்டது. 1980இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் நட்டத்தில் ஓடும் பாதைகளைக் கைவிடுவதை இன்னும் எளிதாக்கியது.

ரயில் கைவிடப்பட்டதும் என்ன நடக்கும்? பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு அந்த நிலத்தின் முழு உரிமை இல்லை. வழியுரிமை மட்டுமே இருந்தது. ரயில் நின்றால் அந்த உரிமை அற்றுப்போய், நிலம் இருபுறமும் உள்ள உரிமையாளர்களுக்குத் திரும்பிவிடும். ஒருவர் வேலி போடுவார், ஒருவர் கொட்டகை கட்டுவார், ஒருவர் உழுதுவிடுவார். யார்மீதும் குற்றமில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தலைமுறை பாடுபட்டுத் திரட்டிய நீண்ட நிலம் சில ஆண்டுகளில் துண்டுதுண்டாகிவிடும். ஏரிக்கரையில் ஒரு முழத்துக்கு உடைப்பு விழுந்தாலும் ஏரி முழுதும் வடிந்துவிடுகிறதல்லவா, அதுபோல நடுவில் ஒரு கிலோமீட்டர் போனாலும் பாதை முழுவதும் பயனற்றுப் போகும்.

இந்த அபாயத்தை முதலில் உணர்ந்து குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மே தீல்கார்ட் வாட்ஸ் என்ற இயற்கையியலாளர். சிகாகோவுக்கு மேற்கே ஓடி நின்றுபோன மின்சார ரயில் பாதையை நடப்பவர்களுக்கு விட்டுவைக்க வேண்டும் என்று 1963இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்திலிருந்து பிறந்தது இல்லினாய்ஸ் பிரெய்ரி பாதை. இருபது ஆண்டுகள் கழித்து, 1983இல், அமெரிக்க நாடாளுமன்றம் தேசிய நெடும்பாதைச் சட்டத்தைத் திருத்தியது. பின்னாளில் மீண்டும் ரயில் ஓட்டும் தேவை வரலாம் என்ற அடிப்படையில், கைவிடப்படும் ரயில் நிலத்தை உடையாமல் சேமித்து வைக்கலாம். அதுவரை அதை நடைக்கும் மிதிவண்டிக்கும் பயன்படுத்தலாம் என்றது அந்தத் திருத்தம். பொறுப்பை ஏற்கும் அமைப்பு நிலத்தின் வரியையும் சட்டப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். நில உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. உரிமையாளர்கள் அரசிடம் இழப்பீடு கேட்கும் வழியையும் திறந்தே வைத்தது.

தீர்ப்பின் இந்த இரண்டாம் பகுதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பொதுநலம் என்ற பெயரில் ஒருவர் உரிமையை விலையின்றி எடுத்துக்கொண்டால் அந்தப் பாதை பகைமையின் மேல் போடப்பட்ட பாதை ஆகிவிடும். வயோமிங் மாநில நிலவுரிமையாளர் ஒருவர் தொடுத்த வேறொரு வழக்கில் 2014இல் அதே நீதிமன்றம் 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்பட்ட ரயில் வழியுரிமையை ஆராய்ந்து, உரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பாதை ஆர்வலர்களுக்கு ஏமாற்றம் தந்தது. ஆனால் நிலத்தின் ஆவணங்களை ஒவ்வொரு முழமாகப் படிக்காமல் பாதை போட இறங்கக் கூடாது என்ற எச்சரிக்கையையும் அது தந்தது.

அலெகேனி நிலம் கைவிடப்பட்ட 1975இல் இந்தச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. மேற்குப் பென்சில்வேனியா இயற்கைவளக் காப்பு அமைப்பு என்ற தன்னார்வ நிறுவனம் முன்வந்து, ஒஹையோபைல் அருவியை ஒட்டிய பகுதியில் ரயில் நிலத்தை வாங்கி மாநில அரசிடம் ஒப்படைத்தது. அன்று அவர்கள் கண்முன் 240 கிலோமீட்டர்த் திட்டம் எதுவும் இல்லை. நிலம் சிதறிவிடக் கூடாது என்ற கவலை மட்டுமே இருந்தது. 1986இல் ஒஹையோபைலுக்கும் கான்ஃபுளுயன்ஸ் என்ற சிற்றூருக்கும் இடையே சுமார் 15 கிலோமீட்டர்ப் பாதை திறக்கப்பட்டது. பழைய ஜல்லியைச் சமன்செய்து அதன்மேல் சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பி இறுக்கினார்கள். மழைநீர் வடியும், மிதிவண்டிச் சக்கரம் புதையாது, தார்ச்சாலையைவிடச் செலவு குறைவு. மக்கள் வந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள்.

3. ஏழு சங்கங்கள்

பார்த்தவர்கள் தங்கள் ஊர்ப் பகுதியிலும் அதைச் செய்ய விரும்பினார்கள். சோமர்செட் மாவட்டத்தில் ஒரு சங்கம், யாக்கிகேனிக் கரையில் ஒரு சங்கம், எஃகு ஆலைப் பள்ளத்தாக்கில் ஒரு சங்கம், மேரிலாந்துப் பக்கத்தில் ஒரு சங்கம் என்று தனித்தனியே தோன்றின. கானல்ஸ்வில்லுக்கும் மக்கீஸ்போர்ட்டுக்கும் இடையே பிட்ஸ்பர்க் – லேக் ஈரி ரயில்வே கைவிட்ட நிலத்தை 1990களின் தொடக்கத்தில் வட்டாரப் பாதைக் கழகம் ஒன்று வாங்கியது. ஒவ்வொரு சங்கமும் தன் ஊராட்சியோடு பேசியது. தன் மாவட்டத்தில் நன்கொடை திரட்டியது. தன் பகுதியில் புதர் வெட்டியது.

1995இல் இப்படிப்பட்ட ஏழு சங்கங்கள் சேர்ந்து அலெகேனி பாதைக் கூட்டணியை அமைத்தன. லிண்டா மெக்கென்னா பாக்ஸ் அதன் தலைவராகப் பல ஆண்டுகள் உழைத்தார். இந்தக் கூட்டணியின் அமைப்பு முறையை நம் மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். கூட்டணி ஏழு சங்கங்களையும் கரைத்து ஒன்றாக்கவில்லை. அந்தந்தப் பகுதிப் பாதை அந்தந்தச் சங்கத்திடமோ பூங்காத் துறையிடமோ இருந்தது. புல் வெட்டுவதும் விழுந்த மரத்தை அகற்றுவதும் வடிகால் தூர்வாருவதும் உள்ளூர்க் கைகளில் இருந்தன. ஓர் ஊரின் சக்திக்கு மேற்பட்டதை மட்டும் கூட்டணி தோளில் ஏற்றிக்கொண்டது. பெரிய பாலங்கள், மலைக்குடைவுகள், இரண்டு மாநில அரசுகளோடு பேச்சுவார்த்தை, நாடாளுமன்ற நிதி, எல்லாப் பகுதிக்கும் ஒரே பெயர், ஒரே வரைபடம், ஒரே வகை வழிகாட்டிப் பலகை: இவை கூட்டணியின் வேலை. 1991இல் நிறைவேறிய தரைப்போக்குவரத்துச் சட்டம் நெடுஞ்சாலை நிதியில் ஒரு சிறு பங்கை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் செலவிட வழிசெய்திருந்தது. அந்த வாய்ப்பைச் சிறு ஊர்கள் தனித்தனியே எட்டிப் பிடித்திருக்க முடியாது. கூட்டாகக் கேட்டபோது கிடைத்தது.

வேலையின் கடினத்துக்கு இரண்டு சான்றுகள் போதும். மையர்ஸ்டேல் ஊருக்கு அருகே காஸல்மன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 582 மீட்டர் நீளத்துக்கு நிற்கிறது சாலிஸ்பரி பாலம். கீழே ஆறு, நெடுஞ்சாலை, இன்றும் ரயில் ஓடும் இருப்புப்பாதை மூன்றும் கடந்து போகின்றன. 1998இல் அதன்மேல் தளம் அமைத்து நடப்பவர்களுக்குத் திறந்தார்கள். அதற்குக் கிழக்கே பிக் சாவேஜ் மலையைத் துளைத்துப் போகும் குடைவு சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். பல ஆண்டுகள் நீர் கசிந்து, குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து, உட்சுவரைச் சிதைத்திருந்தது. அதைச் செப்பனிட்ட பின் 2006இன் இறுதியில் கம்பர்லாந்திலிருந்து மக்கீஸ்போர்ட் வரை வழி இணைந்தது. இன்றும் டிசம்பர் மாதம் வந்தால் குடைவின் இரு வாயில்களிலும் கதவை அடைத்துவிடுகிறார்கள். வசந்தம் வந்ததும் திறக்கிறார்கள். உறைபனியிலிருந்து சுவரைக் காக்க ஆண்டுதோறும் இந்தக் கவனம் தேவைப்படுகிறது. பாதை திறப்பு விழாவோடு முடிந்துவிடும் பணி அன்று. ஆண்டு தவறாமல் செய்யவேண்டிய ஊர்க்கடமை அது.

மலைகளைத் தாண்டிய பாதைக்கு நகரத்தின் வாசலில்தான் பெரிய தடை காத்திருந்தது. பிட்ஸ்பர்க்கை நெருங்க நெருங்க ஆலை நிலங்கள், ஓடிக்கொண்டிருக்கும் ரயில் பாதைகள், தனியார் சொத்துகள் நெருக்கின. கடைசித் துண்டு ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். சாண்ட்காசில் என்ற நீர்விளையாட்டுப் பூங்காவை ஒட்டிய இடம். அதைக் கடப்பதற்குள் 2013 ஜூன் மாதம் வந்துவிட்டது. 1975இல் ரயில் நின்றது. 1986இல் முதல் துண்டு திறந்தது. 2013இல் வழி நிறைந்தது. மொத்தம் முப்பத்தெட்டு ஆண்டுகள். தொடங்கியவர்கள் பலர் முடிவைக் காணவில்லை. தனிமனிதர் ஆர்வம் மட்டும் இருந்திருந்தால் அவர்களோடு பாதையும் நின்றிருக்கும். சங்கம் என்ற அமைப்பு இருந்ததால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர முடிந்தது.

4. எட்டு நாள் நடை

கம்பர்லாந்துக்குக் கிழக்கே உள்ள கால்வாய்க் கரையின் வரலாறு வேறு வகையானது. செசபீக் – ஒஹையோ கால்வாய் வேலை 1828 ஜூலை 4 அன்று தொடங்கியது. பால்டிமோர் – ஒஹையோ ரயில்வேயின் தொடக்க விழாவும் அதே நாள். 1850இல் கால்வாய் கம்பர்லாந்தை அடைந்தபோது ரயில் அதற்கு முன்பே அங்கே வந்துவிட்டிருந்தது. 74 மதகுப் பூட்டுகளின் வழியாகப் படகுகள் ஏறி இறங்கின. கோவேறு கழுதைகள் கரையில் நடந்து கயிற்றால் படகை இழுத்தன. 1924இல் வந்த வெள்ளத்துக்குப் பிறகு படகுப் போக்குவரத்து நின்றது. 1938இல் மத்திய அரசு கால்வாயை வாங்கியது.

1950களில் அந்தக் கரையின் மேல் கார்ச்சாலை போடும் திட்டம் எழுந்தது. 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் அந்த இதழுக்கு ஒரு கடிதம் எழுதி, தலையங்கம் எழுதியவர் தம்மோடு கால்வாய்க்கரை முழுவதும் நடந்துவிட்டுப் பிறகு முடிவு செய்யட்டும் என்று அழைத்தார். அழைப்பு ஏற்கப்பட்டது. மார்ச் மாதம் கம்பர்லாந்திலிருந்து புறப்பட்டார்கள். எட்டு நாள் நடை, 297 கிலோமீட்டர். தொடக்கம் முதல் முடிவு வரை முழுத் தொலைவும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸோடு சேர்த்து ஒன்பது பேர். நாளிதழ் தன் நிலைப்பாட்டைத் திருத்திக்கொண்டது. சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் அந்தக் கரை முழுவதும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆயிற்று.

நீதிபதி டக்ளஸ் வாதத்தால் வெல்ல முயன்றிருந்தால் வென்றிருப்பாரோ என்னவோ. நடக்க அழைத்தார், நடந்தவர்கள் மனம் மாறினார்கள். இந்த முறையில் எனக்கு ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. ஒரு பாதையின் தேவையை அறிக்கைகளால் உணர்த்துவது கடினம். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரை அழைத்துக்கொண்டு போய் அந்த மண்ணில் நடக்கவைப்பதே அதற்கு நேரான வழி.

5. பாதையிலிருந்து கடைத்தெருவுக்கு

பாதை வந்தால் ஊர் தானாகப் பிழைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. ரயில் பாதை ஊரின் பின்புறமாக, ஆற்றோரமாகவே போகும். கடைத்தெரு மேட்டில் இருக்கும். மேரிலாந்தில் உள்ள ஃப்ராஸ்ட்பர்க் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பாதை மலைச்சரிவில் கீழே போகிறது. ஊர் மேலே உட்கார்ந்திருக்கிறது. களைத்து வரும் பயணி, மேலே உணவகமும் தங்கும் விடுதியும் இருக்கின்றன என்று தெரியாவிட்டால், நேரே போய்விடுவார். ஊர் அவரைப் பார்க்கக்கூட மாட்டாது.

இதைக் கருதி 2007இல் புரோகிரஸ் ஃபண்ட் என்ற வளர்ச்சி நிதி அமைப்பு, பாதையோர ஊர்களுக்கான திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கம்பர்லாந்து, ஃப்ராஸ்ட்பர்க், மையர்ஸ்டேல், கானல்ஸ்வில், வெஸ்ட் நியூட்டன் போன்ற ஊர்களில் அந்தத் திட்டத்தினர் எளிய கேள்விகளைக் கேட்டார்கள். பாதையிலிருந்து ஊருக்குள் வர வழிகாட்டும் பலகை இருக்கிறதா? மிதிவண்டியை நம்பி நிறுத்த இடம் உண்டா? குடிநீர், கழிப்பறை எங்கே? ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா? நனைந்த உடையை உலர்த்த விடுதியில் இடம் கிடைக்குமா? சிறு தொழில் தொடங்க முன்வந்த உள்ளூர்க்காரர்களுக்குக் கடனும் ஆலோசனையும் கிடைத்தன. பழைய வீடுகள் தங்கும் விடுதிகள் ஆயின; மிதிவண்டிப் பழுதுபார்க்கும் கடைகள் வந்தன; ரயில் நின்றுபோன நிலையக் கட்டடத்தில் மையர்ஸ்டேல் மக்கள் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள்.

இந்த வருமானம் எஃகு ஆலைகள் கொடுத்த வேலைக்கு ஈடாகாது. அப்படிச் சொல்வது அந்தத் தொழிலாளர்களுக்கு இழைக்கும் அநீதி. பாதை அந்த ஊர்களுக்குத் தந்தவை வேறு. ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த ஊர்கள், அடுத்த ஊர் நன்றாக இருந்தால்தான் பயணி நம் ஊர் வரை வருவார் என்பதை உணர்ந்தன. ஒரு நாள் பயணத் தொலைவில் படுக்கவும் உண்ணவும் இடமில்லை என்றால் முழுப் பயணமும் நடக்காது. அண்டை ஊரின் நலத்தில் தன் நலத்தைக் காணும் பழக்கம் ஒரு வட்டாரத்துக்குக் கிடைப்பது எளிதன்று. மலைநாட்டில் அந்தப் பழக்கம் பாதையின் வழியே வந்தது.

பாதை நினைவையும் காத்தது. பிட்ஸ்பர்க்கில் மொனாங்கஹீலா ஆற்றைக் கடக்க ஹாட் மெட்டல் பாலம் இருக்கிறது. ஜோன்ஸ் – லாஃப்லின் ஆலையின் ஊதுலைகள் ஒரு கரையில், எஃகு உலைகள் மறுகரையில். உருகிய இரும்பைக் கொப்பரைகளில் ஏற்றி அந்தப் பாலத்தின் வழியே ரயிலில் கொண்டுபோவார்கள். 2007 முதல் அதில் மக்கள் நடக்கிறார்கள். ஹோம்ஸ்டெட்டில் 1892இன் போராட்டம் நடந்த ஆற்றங்கரையிலேயே பழைய பம்ப் ஹவுஸ் கட்டடம் நிற்கிறது. பாதை அதை ஒட்டியே போகிறது. காற்று வாங்க வந்தவரும் அங்கே நின்று, இந்தக் கரையில் யார் உழைத்தார்கள், யார் உயிர் கொடுத்தார்கள் என்று படிக்க நேர்கிறது. உல்லாசத்துக்கான பாதை உழைத்தவர்களை மறைத்துவிடாமல் அவர்களை முன்னிறுத்த முடியும் என்பதற்கு இது சான்று.

6. தேயிலை மலையிலும் நம் கடற்கரையிலும்

இந்தக் கடைசிக் கருத்து தமிழர்களாகிய நமக்கு நேரே தொடர்புள்ளது. இலங்கையின் மலைநாட்டில் அண்மை ஆண்டுகளில் பெக்கோ பாதை என்ற நெடும்பாதை அமைந்திருக்கிறது. கண்டியில் தொடங்கி ஹற்றன், அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். அதில் பெரும்பகுதி, பிரிட்டிஷார் காலத்தில் தேயிலையைக் கொண்டுபோகத் தோட்டங்களுக்கு இடையே வெட்டிய பழைய வண்டிப்பாதைகள். அந்தப் பாதைகளை வெட்டியதிலும் அவற்றின் இருபுறமும் உள்ள சரிவுகளைத் தேயிலையாக்கியதிலும் நம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தப் பாதையோரத்து வரிசைக் குடியிருப்புகளான லயன் அறைகளில் வாழ்கிறார்கள்.

பெக்கோ பாதையில் உலகெங்கிலுமிருந்து வந்து நடக்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே. அலெகேனியின் பாடத்தை அங்கேயும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வழிகாட்டும் வேலையும் தேநீர்க் கடையும் தங்குமிடமும் முதலில் யாருக்குச் சேர வேண்டும்? பாதையைப் பேணும் குழுவில் தோட்டத்து மக்களுக்கு இடம் வேண்டும். வழியோரப் பலகைகளில் அவர்களின் வரலாறு தமிழிலும் எழுதப்பட வேண்டும். அந்த மலையை உருவாக்கியவர்கள் அந்தப் பாதையில் வேடிக்கைப் பொருளாக நிற்கக் கூடாது. அதன் உரிமையாளர்களாக நிற்க வேண்டும்.

நம் கரையில் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. 1806இல் சென்னையின் வடக்கே தொடங்கி, காலப்போக்கில் ஆந்திரத்திலிருந்து நம் மரக்காணம் வரை 400 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. 1876–78 பெரும் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழை மக்கள் வெட்டியது அதன் சென்னைப் பகுதி. உப்பும் விறகும் நெல்லும் படகில் போயின. செசபீக் கால்வாயைப் போலவே இதுவும் ஒரே தொடராக ஊர்களைக் கோத்த வழி. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களும் நிலையங்களும் அதன்மேல் எழுந்துவிட்டன. நகருக்கு வெளியே இன்னும் நீண்ட கரை எஞ்சியிருக்கிறது. எஞ்சியதை மீட்டெடுக்கக் கேட்கும் முதல் கேள்வி பூங்காவும் விளக்கும் எங்கே வைப்பது என்பதாக இருக்கக் கூடாது. எந்த முழம் யார் பெயரில் இருக்கிறது, எங்கே தொடர்ச்சி அறுந்திருக்கிறது, கரையில் குடியிருக்கும் ஏழைகளின் வாழ்வுக்கு என்ன உறுதி என்று கணக்கெடுப்பதே முதல் பணி.

முடிவுரை

அவையோர்களே, நான் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறேன். நீண்ட நிலம் ஒன்று கைவிடப்படும் நாளிலேயே அதைச் சிதறாமல் காக்க வேண்டும். பாதை பிறகு வரலாம். நில உரிமையாளருக்கு உரிய விலை கொடுக்க வேண்டும். பதினைந்து கிலோமீட்டராயினும் ஒரு துண்டை நன்றாகச் செய்து மக்கள் கையில் கொடுத்தால் அடுத்த துண்டைக் கேட்டு அடுத்த ஊரே வரும். ஊருக்கு ஒரு சங்கம் வேண்டும். சங்கங்களுக்கு மேல் ஒரு கூட்டணி வேண்டும். பேணுவதற்கான பணத்தைத் திறப்பு விழாவுக்கு முன்பே ஒதுக்க வேண்டும். அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு முதல் உரிமை வேண்டும்.

இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுக்க விரும்புகிறேன். உங்கள் மாவட்டத்தில் பயன்படாமல் கிடக்கும் கால்வாய்க் கரை, ஆற்றங்கரை, பழைய வண்டிப்பாதை, ரயில் நின்றுபோன நிலம் இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தோடு அதில் நடந்து, எங்கே தொடர்கிறது, எங்கே அறுகிறது என்று குறியுங்கள். இரண்டு ஊராட்சித் தலைவர்களை உங்களோடு நடக்க அழையுங்கள். வரைபடமும் இரண்டு ஊர்களின் சம்மதமும் கையில் இருந்தால் அரசின் கதவைத் தட்டும் தகுதி உங்களுக்கு வந்துவிடுகிறது. அலெகேனி மலைநாட்டு மக்கள் முப்பத்தெட்டு ஆண்டுகளில் முடித்த பணியும் இவ்வளவில்தான் தொடங்கியது. நாம் தொடங்குவதற்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.